மிச்சமெல்லாம் மன்னிப்பு

மூதூர் இறங்குதுறை கட்டி முடிந்து எட்டு மாதம்கூடத் தாங்கவில்லை. ஐம்பத்திரண்டாம் ஆண்டு மார்கழி வாடைக்கு அதன் பாதி கடலுக்குள் சரிந்தது. விழுந்த கொங்கிறீற்றைக் கையால் நசித்தால் மாவாக உதிர்ந்தது என்று லோஞ்சுப் படகில் வந்தவர்கள் திருகோணமலைச் சந்தையில் சொன்னார்கள். அந்தக் கதை பத்திரிகைக்குப் போய், அங்கிருந்து பாராளுமன்றத்துக்கும் போனது. அரசாங்கத் திணைக்களங்கள் கட்டுமான வேலைகளை வெளியாருக்கு எப்படிக் கொந்தராத்துக் கொடுக்கின்றன என்று விசாரிப்பதற்கு ஏற்கெனவே ஒரு பாராளுமன்றத் தெரிவுக்குழு கொழும்பில் இருந்தது. அதில் மூன்று பேர் அடுத்த ஆனி மாதம் திருகோணமலைக்கே வந்து, மாவட்ட அரசாங்கக் கச்சேரியில் அமர்ந்து சாட்சிகளைக் கேட்பதென்று முடிவானது.

குழுவுக்கு மொழிபெயர்க்க ஹெக்டர் அருளம்பலத்தை நியமித்தார்கள். பதினேழு வருடமாகக் கோர்ட்டிலும் கச்சேரியிலும் அவர்தான் மொழிபெயர்ப்பாளர். அந்த உத்தியோகத்தை வைத்து ஊரில் அவருக்கு முதலியார் ஐயா என்று பெயர். குத்துவழக்கோ காணிவழக்கோ, சாட்சி சொன்னதில் ஒரு சொல் கூடாமலும் குறையாமலும் இங்கிலீசில் வைப்பார் என்று நீதவான்மாரே சொல்வார்கள். அந்தப் பேச்சு காதில் விழும்போது ஹெக்டருக்கு உள்ளூரப் பெருமைதான்.

விசாரணையில் இருந்தது சிக்கல் இல்லாத ஒரேயொரு கேள்விதான். இறங்குதுறைக்கு டென்டர் கேட்டபோது ஒரேயொரு ஆள் மட்டும் விண்ணப்பித்திருந்தார். அவர் தெற்கிலிருந்து வந்த கொந்தராத்துக்காரர். அதற்கு முன் கடலுக்குள் ஒரு தூண்கூட நட்டதில்லை. மூதூரிலேயே ஸைனுலாப்தீன் முதலாளி இருந்தார். மில்லும் பள்ளிக்கூடமும் பாலமும் கட்டியவர். அவர் ஏன் விண்ணப்பிக்கவில்லை? அறிவித்தல் தன் கண்ணிலேயே படவில்லை என்று அவர் முறைப்பாடு எழுதியிருந்தார். ஆனால் திணைக்களத்தின் கோப்பில் ஒரு சான்றிதழ் இருந்தது. ‘டென்டர் அறிவித்தல் மூதூர்க் களஞ்சிய வாசலில் இருபத்தொரு நாள் ஒட்டப்பட்டிருந்தது’ என்று எழுதி, களஞ்சியக் காப்பாளர் அபூதாஹிர் கையெழுத்து வைத்திருந்தார்.

அன்று காலை கச்சேரி மேல்மாடியில் சன்னல்களையெல்லாம் திறந்து வைத்திருந்தார்கள். கடற்காற்றில் காகிதங்கள் பறக்காமலிருக்க ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு சங்கை வைத்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் மூன்று கதிரைகள். நடுவில் குழுத்தலைவர், வலப்பக்கம் மலைநாட்டுச் சிங்கள உறுப்பினர். இருவருக்கும் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்த மூன்றாவது உறுப்பினர் வயிற்றோட்டத்தில் விடுதியிலேயே படுத்துவிட்டார். அவருடைய கதிரை வெறுமையாக இருந்தது. சுவரோரமாக, கோப்புகளை எடுத்துக் கொடுப்பதற்கென்று இஞ்சினியர் தேவசகாயம் உட்கார்ந்திருந்தார். மாவட்டத்தில் டென்டர் கேட்பதும் கொடுப்பதும் அவர் பொறுப்பு. ஹெக்டர் போகும் அதே கிறிஸ்தவக் கோயிலில் பாடகர் குழுவில் ஹெக்டருக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவர். ஹெக்டரின் மனைவி எல்சியின் தம்பிக்குச் சீனன்குடாவில் வேலை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

அபூதாஹிர் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். தொப்பியைச் சரிசெய்து, தோய்த்து மடித்த சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை பூட்டியிருந்தார்.

“இந்த அறிவித்தல் ஒட்டப்பட்டதா என்று கேட்கிறார்கள்” என்றார் ஹெக்டர்.

அபூதாஹிர் தலைவரைப் பார்த்தே பதில் சொன்னார். “ஒட்டயில்ல ஐயா. அது என்ட கைக்கு வரேக்கயே திகதி முடிஞ்சி போச்சி. நான் இஞ்சினியர் ஐயாட்டப் போய்ச் சொன்னனான். ‘அது பரவாயில்ல, இருபத்தொரு நாள் ஒட்டியிருந்தது எண்டு எழுதிக் கையெழுத்து வெச்சி அனுப்பு’ எண்டு அவர்தான் சொன்னவர். அதாலதான் வெச்சனான். மாட்டன் எண்டு நான் சொல்ல ஏலுமா? உள்ளது இதுதான்.”

சொல்லி முடித்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது. பலநாள் சுமந்ததை இறக்கிவைத்தவர் போல நின்றார்.

ஹெக்டர் வாயைத் திறந்தார். அந்த ஒரு கணத்தில் சுவரோரம் பார்த்தார். தேவசகாயம் அவரைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி லேஞ்சியால் மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தார். பார்த்திருந்தால், கண்ணால் ஒரு சாடை காட்டியிருந்தால், பிற்காலத்தில் ஹெக்டருக்கு அது ஒரு சாட்டாகவாவது இருந்திருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை.

“அறிவித்தல் ஒட்டப்படவில்லை என்கிறார்” என்று ஹெக்டர் இங்கிலீசில் சொன்னார். “உண்மையில்லை என்று தெரிந்துகொண்டே சான்றிதழில் கையெழுத்து வைத்தாராம்.”

தலைவர் எழுதிக்கொண்டார். பிறகு பேனையை நிறுத்தி நிமிர்ந்தார். “இவ்வளவுதானா? அவர் நிறையச் சொன்னாரே?”

திரும்பிப்போக வழி அப்போதும் இருந்தது. ‘மன்னிக்கவேண்டும் சேர், ஒன்றை விட்டுவிட்டேன்’ என்று சொன்னால் போதும். கோர்ட்டில் எத்தனையோ தடவை அப்படிச் சொல்லித் தன்னைத் திருத்தியவர்தான்.

“மிச்சமெல்லாம் மன்னிப்புக் கேட்டது, சேர்” என்றார் ஹெக்டர்.

தலைவர் அபூதாஹிரை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். தான் சொன்னதை ஏற்றுக்கொண்டார் என்று நினைத்து அபூதாஹிரும் மரியாதையாகத் தலையை ஆட்டினார்.

மத்தியானம் ஹெக்டர் படியிறங்கி வந்தபோது அபூதாஹிர் கீழே காத்துநின்றார். கையில் ஒரு சட்டி எருமைத்தயிர், வாயை வாழையிலையால் கட்டியிருந்தது.

“வீட்டிலிருந்து கொண்டாந்த. மறுக்காதீங்க, முதலியார் ஐயா. எனக்கு இங்கிலீசு தெரியா. ஆனா நீங்க சொல்லேக்க தலைவர் எழுதினத்தக் கண்டனான். மனசு ஆறிட்டு.”

ஹெக்டரால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. சட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். எல்சி அதைச் சீனி போட்டுப் பரிமாறினாள். நல்ல தயிர் என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

*

அறிக்கை வெளிவர ஒன்றரை வருடமானது. கச்சேரிக்கு வந்த பிரதியை ஹெக்டர் தன் மேசையில் வைத்து வாசித்தார். கொந்தராத்துகள் எப்படியெல்லாம் கைமாறுகின்றன என்று குழு கடுமையாக எழுதியிருந்தது. இனிமேல் அறிவித்தல்கள் பத்திரிகையிலும் வரவேண்டும் என்று சொல்லியிருந்தது. நல்ல அறிக்கைதான். மூதூர் பற்றிய பந்தியில் மட்டும், ‘பொறுப்பதிகாரி தம் கீழுள்ள ஊழியர் கொடுத்த பொய்ச் சான்றிதழால் ஏமாற்றப்பட்டார்’ என்று இருந்தது. அதற்கு ஆதாரமாக அபூதாஹிரின் வாக்குமூலத்தை மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார்கள்: ‘அது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும்.’ அது ஹெக்டரின் வசனம். அபூதாஹிரின் வாயிலிருந்து அப்படியொரு வசனம் வந்ததேயில்லை.

இரண்டு கிழமையில் அபூதாஹிரை வேலையிலிருந்து நீக்கினார்கள். தேவசகாயத்துக்குக் கொழும்பில் உயர்பதவி கிடைத்தது. அவருக்குக் கோயில் மண்டபத்தில் பிரியாவிடை நடந்தபோது பாடகர் குழு பாடியது. ஹெக்டரும் பாடினார். முடிந்ததும் தேவசகாயம் வந்து கைகொடுத்தார். “நீங்கள் எனக்கு எவ்வளவோ உதவி, ஹெக்டர்” என்றார். எந்த உதவியைச் சொல்கிறார் என்பது அவருடைய முகத்தில் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஹெக்டருக்கும் தைரியமில்லை.

அன்றிலிருந்து அவர் தனக்குள் வழக்காடத் தொடங்கினார். தலைவர் அவசரப்பட்டார். மூன்றாவது உறுப்பினர் வந்திருந்தால் தானாகவே பிடித்திருப்பார். கையெழுத்து அபூதாஹிருடையதுதானே, அதை யார் மறுக்க முடியும்? இப்படி ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். முடிவில் அந்த ‘மன்னிப்பு’ என்ற சொல் வந்து நிற்கும். அது ஒரு பொய். யாரும் கேட்காமல், யாரும் பயமுறுத்தாமல், தானாகவே சொன்ன பொய். கோர்ட்டில் சாட்சிகளுக்குச் சத்தியம் செய்துவைக்கும்போது, ‘உண்மையை முழுவதும்’ என்ற இடத்தில் அவர் குரல் தாழ்ந்துபோனது. நீதவான் இரண்டு தடவை “உரக்கச் சொல்லுங்கள்” என்றார்.

ஐம்பத்தாறாம் ஆண்டு மாசி மாதம் கடைசியில் ஒரு கடிதம் எழுதினார். தெரிவுக்குழுத் தலைவருக்கு, தன் மொழிபெயர்ப்பில் ஒரு முக்கியமான பகுதி விடுபட்டது என்று. ஏழு தடவை கிழித்துக் கிழித்து எழுதிய கடிதம். பத்து நாளில் பதில் வந்தது. பாராளுமன்றம் கலைக்கப்பட்டுவிட்டதால் அக்குழு இப்போது இல்லை, எனவே கடிதத்தின் மேல் நடவடிக்கை எடுக்க இயலாது என்று இரண்டே வரி. அதை வாசித்ததும் ஹெக்டருக்கு முதலில் வந்தது நிம்மதி. அடுத்த நிமிடமே, அந்த நிம்மதியை நினைக்க அருவருப்பாக இருந்தது.

“எல்சி, நான் நாளைக்கு மூதூருக்குப் போட்டு வாறன்.”

“என்ன அலுவல்?”

“ஒரு ஆளோட கதைக்கவேணும்.”

எல்சி அவருடைய வெள்ளைக் காற்சட்டையை ஸ்திரி போட்டு வைத்தாள்.

*

லோஞ்சு குடாவைக் கடந்து மூதூரை அடைந்தபோது இறங்குதுறை சரிந்தபடியே கிடந்தது. யாரும் அதைத் திருத்தவில்லை. ஆட்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்தார்கள். ஒரு கிழவியை இரண்டு பேர் கைகோத்துத் தூக்கிக் கரைசேர்த்தார்கள். ஹெக்டரும் காற்சட்டையை மடித்துவிட்டு இறங்கினார்.

அபூதாஹிரின் வீட்டைக் கேட்டபோது கடைக்காரன் ஒருமாதிரிச் சிரித்தான். “இறங்குதுறையத் திண்ட ஸ்டோர் கீப்பர் வீடா? அந்தக் கிடுகு வேலியால போங்க.”

அபூதாஹிர் வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தவர் வலையைப் போட்டுவிட்டு எழுந்தார். இளைத்திருந்தார். ஆனால் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி.

“முதலியார் ஐயா! குல்சும், ஆர் வந்திருக்கிறது எண்டு பாரு! நான் சொன்ன சாட்சி வந்திருக்காரு!”

ஹெக்டர் வாய் திறக்குமுன் அவர் வெளியே ஓடிவிட்டார். திரும்பி வரும்போது நாலைந்து பேர் கூடவே வந்தார்கள். முன்னால் வந்தவர் ஸைனுலாப்தீன் முதலாளி. பருத்த உடம்பு, நரைத்த தாடி. பக்கத்து வீட்டிலிருந்து கதிரைகள் வந்தன. ஹெக்டரை நடுவில் இருத்தினார்கள். அபூதாஹிரின் மனைவி உம்மு குல்சும் அறைவாசல் சீலைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“வேலை போனதிலிருந்து இவன் ஒரே கதையத்தான் சொல்றான்” என்றார் ஸைனுலாப்தீன். “இஞ்சினியர் சொல்லித்தான் கையெழுத்து வெச்சனாம், அதைக் குழுவுக்கும் சொன்னனாம், முதலியார் ஐயாட்டக் கேட்டுப் பாருங்க எண்டு. நாங்க நம்பயில்ல. காசு வாங்கிட்டு எனக்கு வராம அறிவித்தல மறைச்சவன் எண்டுதான் ஊரே சொல்லுது. பள்ளிவாசல்லயும் இவனோட கதைக்கிறவங்க குறைவு. நீங்க சொல்லுங்க ஐயா. இவன் இஞ்சினியர்ர பேரைச் சொன்னானா, இல்லையா?”

“ஓம்” என்றார் ஹெக்டர். “சொன்னவர். தெளிவாகச் சொன்னவர்.”

அபூதாஹிர் கண்ணை மூடிக்கொண்டார். ஸைனுலாப்தீன் எழுந்துபோய் அபூதாஹிரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரோ “யா அல்லாஹ்” என்றார்.

“அப்ப அந்தக் குழு ஏன் அத எழுதாம விட்டது?” என்று ஸைனுலாப்தீன் திரும்பிக் கேட்டார்.

ஹெக்டருக்காக அபூதாஹிரே பதில் சொன்னார். “பெரிய ஆக்கள் பெரிய ஆக்களத்தானே காப்பாத்துவாங்க. பாவம், ஐயா என்ன செய்வாரு? அவரு சொல்லவேண்டியதச் சொன்னாரு.”

தேத்தண்ணி வந்தது. ஹெக்டர் குடித்தார். இப்படியே எழுந்து போகலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. ஊருக்கு முன்னால் இந்த மனிதனின் பெயர் சுத்தமாகிவிட்டது. வந்த காரியத்தில் பாதி முடிந்துவிட்டது. மற்றப் பாதியால் யாருக்கு என்ன நன்மை?

அப்போது சீலைக்குப் பின்னாலிருந்து உம்மு குல்சும் பேசினாள். “ஐயா, ஒரு ஆசை. இவரு சொன்னத நீங்க இங்கிலீசில எப்பிடிச் சொன்னீங்க? ஒருக்காச் சொல்லிக் காட்டுங்களேன். விளங்காட்டியும் பரவாயில்ல. கேக்கணும் போல இருக்கு.”

எல்லோரும் சிரித்துக்கொண்டு ஹெக்டரைப் பார்த்தார்கள்.

அவரால் சொல்லியிருக்க முடியும். இரண்டரை வருடமாக மனதுக்குள் அந்த வசனங்களைச் சரியான இங்கிலீசில் அவர் எத்தனை தடவை சொல்லிப் பார்த்திருப்பார்! ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது. இங்கே யாருக்கும் வித்தியாசம் தெரியப்போவதில்லை. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கோர்ட்டில் செய்வதுபோலத் தொண்டையைச் செருமினார். இங்கிலீசு வரவில்லை.

“நான் அதைச் சொல்லேல்லை” என்றார்.

“என்ன ஐயா?”

“அபூதாஹிர் சொன்னதை நான் குழுவுக்குச் சொல்லேல்லை. இஞ்சினியர்ர பேரை விட்டிட்டன். ஒட்டேல்லை, பொய்யெண்டு தெரிஞ்சுகொண்டு கையெழுத்து வைச்சார், அவ்வளவுதான் சொன்னனான். குழுவில பிழையில்லை. அவைக்குத் தெரியாது.”

சிரிப்பு ஒவ்வொரு முகமாக மறைந்தது. ஸைனுலாப்தீன்தான் முதலில் கேட்டார். “காசு தந்தவனா?”

“இல்லை.”

“வெருட்டினவனா?”

“இல்லை. ஒருத்தரும் ஒண்டும் கேட்கேல்லை.”

“அப்ப ஏன்?”

ஹெக்டர் தரையைப் பார்த்தார். மைத்துனனின் வேலை, பாடகர் குழு, மரியாதை, பயம் என்று எதைச் சொன்னாலும் அந்தக் கேள்விக்குப் போதாது போலிருந்தது. “எனக்கே தெரியேல்லை” என்றார். அது உண்மை.

அபூதாஹிர் மெல்லக் கேட்டார். “தலைவர் பேனைய நிப்பாட்டிட்டு உங்களிட்ட என்னவோ கேட்டாரே. அது என்ன?”

“நீங்கள் நிறையச் சொன்னியள், இவ்வளவுதானா எண்டு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“மிச்சமெல்லாம் மன்னிப்புக் கேட்டது எண்டு சொன்னனான்.”

அபூதாஹிர் அவரை நேராகப் பார்த்தார். “நான் மன்னிப்புக் கேக்கயில்லயே” என்றார். சத்தம் போடவில்லை. “ஒரு சொல்லுக்கூடக் கேக்கயில்லயே. நான் ஏன் கேக்கணும்?”

சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய், விட்ட இடத்திலிருந்து வலையைப் பொத்தத் தொடங்கினார்.

சீலை விலகியது. உம்மு குல்சும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து, ஒரு கொப்பியும் பென்சிலும் மேசையில் வைத்தாள். “இப்ப சொன்னத எழுதித் தாங்க. தமிழிலயும் இங்கிலீசிலயும்.”

ஹெக்டர் எழுதினார். தன் பேனையை எடுத்து, எதையும் மறைக்காமல், மன்னிப்பு என்ற சொல்லையும் சேர்த்து எழுதினார். ஸைனுலாப்தீன் தமிழை உரக்க வாசித்துவிட்டுச் சாட்சிக் கையெழுத்து வைத்தார். “இதச் சமாதான நீதவானிட்ட சத்தியக்கடதாசியா முடிச்சித் தருவீங்களா?” என்று கேட்டார். தருவதாக ஹெக்டர் சொன்னார். போகும்போது யாரும் அவரோடு கூட நடக்கவில்லை. வலைக்குப் பக்கத்தில் நின்று “போட்டு வாறன்” என்றார். அபூதாஹிர் தலை நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்து எல்சிக்கு எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டது ஒன்றுதான். “தம்பியின்ர வேலைக்கு என்ன நடக்கும்?” பிறகு, வெகுநேரம் கழித்து, “அந்தத் தயிரையும் நாங்கள்தானே திண்டனாங்கள்” என்றாள்.

*

சத்தியக்கடதாசி கொழும்புக்குப் போனது. விசாரணை நடந்தது. தேவசகாயம் தமக்கு எதுவும் ஞாபகமில்லை என்று எழுதி அனுப்பினார். அவர் அப்போது ஓய்வுபெற்றிருந்தார். அவரை யாரும் தொந்தரவு செய்யவில்லை. எல்சியின் தம்பியின் வேலைக்கும் ஒன்றும் வரவில்லை. அதைப் பற்றி யாரும் நினைத்ததாகவே தெரியவில்லை. ஹெக்டரை மட்டும் மொழிபெயர்ப்பாளர் பதிவிலிருந்து நீக்கினார்கள். அபூதாஹிருக்கு ஐம்பத்தெட்டாம் ஆண்டு தொடக்கத்தில் வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் மூதூரில் அல்ல, வெருகலில். முந்திய தரத்திலும் அல்ல. பாராளுமன்றத்தில் சமர்ப்பித்த அறிக்கையைத் திருத்த விதியில்லை என்று திணைக்களம் அறிவித்தது.

ஹெக்டர் கச்சேரிக்கு முன்னால் ஒரு சின்ன மேசை போட்டு மனு எழுதத் தொடங்கினார். காணி அனுமதி, பென்சன், தண்ணீர்ச் சண்டை. எழுதிய ஒவ்வொரு வசனத்தையும் ஆளுக்குத் தமிழில் திருப்பிச் சொல்லி, “நீங்கள் சொன்னது இதுதானே?” என்று கேட்டு, அவர்கள் ஓமென்ற பிறகுதான் அடுத்ததை எழுதுவார். சிலருக்கு அது பிடித்தது. அவசரக்காரர்கள் வேறு மேசைக்குப் போனார்கள்.

அறுபதாம் ஆண்டு ஒரு நாள் உம்மு குல்சும் வந்தாள். வெருகலில் குடியிருக்கும் காணிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டுமென்றாள். ஹெக்டர் தமிழிலேயே எழுதி, வரிவரியாக வாசித்துக் காட்டினார். அவள் கவனமாகக் கேட்டாள். ஒரு இடத்தில், “மூண்டு வருசம் இல்ல, ரெண்டு வருசம்” என்று திருத்தினாள். திருத்தினார்.

“அவர் வரேல்லையோ?”

“வந்திருக்காரு. லோஞ்சடியில நிக்கிறாரு.”

ஹெக்டர் பேனையை மூடினார். “அவரும் ஒருக்காப் பார்த்தால் நல்லது. பிழை இருக்கக்கூடாது. நான் அங்க வந்து வாசிச்சுக் காட்டட்டோ?”

உம்மு குல்சும் மனுவை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

“வேணாம் ஐயா. நானே வாசிச்சிக் காட்டுறன்” என்றாள். வெயிலுக்கு முக்காட்டை முன்னால் இழுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தாள். அடுத்த ஆள் வந்து மேசைக்கு முன்னாலிருந்த வாங்கில் உட்கார்ந்து இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் ஹெக்டர் திரும்பினார்.